பேர் சொல்லாதது

அன்றைக்கும் காலையிலேயே ஒரு மாமியார் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வுக்கூடத்து வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி. முடிச்சைப் பார்த்ததுமே சுகந்திக்கு வயிறு எரிந்தது. உள்ளே என்ன என்று கேட்கவே வேண்டாம், மருமகள் மூக்கில் செருகிக்கொள்ளும் மூக்குக்கரிதான். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சுட்டுக்கொண்டு வந்திருப்பாள்.

"கேரக்டர் டெஸ்ட் இங்கதானே பண்றாங்க?" என்றாள் அந்த அம்மாள்.

எல்லாம் அந்தப் பலகையால் வந்த வினை. வாசலில் 'பண்பறிதல் பிரிவு' என்று எழுதி, அதற்குக் கீழே 'கேரக்டரைசேஷன்' என்றும் எழுதி மாட்டியிருந்தார்கள். கரியின் பண்பு. ஒரு துண்டுக் கரியில் எத்தனை துளை, துளை எவ்வளவு அகலம், எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து சொல்லுகிற இடம் அது. கழிமுகம் தொழிற்பேட்டைக் குடியிருப்பில் இருக்கும் ஜனங்களுக்கு அதுவா தெரியப்போகிறது? கேரக்டர் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான், அதுவும் முக்கால்வாசி பெண்பிள்ளைகள் விஷயத்தில்தான். பலகையை மாற்றுங்கள் என்று சுகந்தி எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டாள். பலகை கட்டடப் பிரிவு, அதன்மேல் இருக்கும் எழுத்து மக்கள் தொடர்புப் பிரிவு என்று பதில் வந்தது. உள்ளே புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி கெட்டுப்போய்க் கிடந்ததே, அதற்கும் இதே கதிதான். விசிறி மின்சாரப் பிரிவாம், அதன் குழாய் கட்டடப் பிரிவாம். இரண்டுக்கும் நடுவில், உலையில் எதைச் சூடாக்கினாலும் அந்த நெடி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இங்கே கரியின் கேரக்டரைத்தான் பார்ப்போம், ஆளுடையதை இல்லை என்று சுகந்தி சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் நம்பவில்லை. பக்கத்து பிளாக் சரோஜா மருமகனுக்கு மட்டும் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். கடைசியில் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, "படிச்சவங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுக்க மாட்டாங்க" என்று முணுமுணுத்தபடியே படியிறங்கிப் போனாள்.

சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மூக்குக்கரியைச் செய்தவளே அவள்தான். ஆற்றாமை அங்கேதான் இருந்தது.

பேட்டையின் காற்று எப்போதோ மூச்சுவிட லாயக்கில்லாமல் போய்விட்டது. ஆலைகளின் புகையை அடக்குவதைவிட ஆட்களின் மூக்கை அடைப்பது மலிவு என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். அதற்கு ஒரு கரி வேண்டும் என்றார்கள். சுகந்தி செய்து கொடுத்தாள். கொட்டாங்கச்சியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, எரிகாரத்தோடு பிசைந்து மறுபடியும் உலையில் ஏற்றினால், காரம் கறையான் மாதிரி கரியை உள்ளுக்குள் அரித்துக் குடையும். கழுவிக் காயவைத்தால் பார்வைக்கு அதே கறுப்புத் தூள்தான். ஆனால் உள்ளே முழுக்கத் துளை. ஒரு தலைமயிரின் அகலத்தில் அப்படிப் பல்லாயிரம் துளைகளை வரிசையாக வைக்கலாம். ஒரு கிராம் கரியின் உட்சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் அரை ஏக்கர் வரும். "சிட்டிகைக் கரிக்குள்ள ஒம்பது கிரவுண்டு இருக்கு, பட்டாதான் கிடைக்காது" என்று அந்தக் காலத்தில் சுகந்தி வேடிக்கையாகச் சொல்வாள். இப்போது வேடிக்கையெல்லாம் வற்றிவிட்டது.

அந்தத் தூளைத் துணிபோல நெய்த உறைக்குள் அடைத்து, நாசித்துவாரத்துக்கு ஒன்றாக இரண்டு. இடது ஒன்று, வலது ஒன்று. ஆலையிலும் போட்டிருக்க வேண்டும், குடியிருப்பிலும் போட்டிருக்க வேண்டும். போட்டால் விஷம் உள்ளே போகாது. வேறு எந்த வாசனையும் போகாது. ரசம் கொதிப்பதும் தெரியாது, மல்லிகைப்பூவும் தெரியாது. முதல் வருடம் ஜனங்கள் புலம்பினார்கள். அப்புறம் பழகிவிட்டது.

பழகாத சங்கதி ஒன்று இருந்தது, அதை யாரும் முதலில் யோசிக்கவில்லை, சுகந்தி உட்பட. துளைக்கு விஷம் எது, வீடு எது என்று தெரியாது. மூக்கு வழியாக வந்ததெல்லாம் அதற்கு ஒன்றுதான், பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பழைய கரியைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் அதைச் சூடாக்குவார்கள். சூடு ஏற ஏற உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வரும், இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும். அப்படித்தான் கிரேன் ஓட்டுகிறவன் குடித்தது தெரிந்தது. சர்க்கரை நோயை மறைத்து வேலையில் சேர்ந்தவனை அவன் மூச்சே காட்டிக்கொடுத்தது. கணக்குப் பிரிவில் ஒரு பெண் வேறு வேலைக்கு நேர்காணல் போய்வந்ததுகூட அந்த அலுவலகத்துக் கம்பள வாசனையில் அகப்பட்டது. விஷத்தைப் பிடி என்று வளர்த்தால் வீட்டைக் கவ்விக்கொண்டு வருகிறது சனியன். சுகந்தி செய்த கரி எத்தனையோ பேர் முகத்தில் கரியைப் பூசிவிட்டது.

இந்த எரிச்சலோடு எரிச்சலாகத்தான் முனிரத்தினத்தின் விவகாரம் வந்து சேர்ந்தது.

பேட்டையில் பெயிண்டுக்குப் பிசின் காய்ச்சும் கொட்டகை ஒன்று உண்டு. போன வாரம் அதில் சின்னதாக ஒரு தீ. யாருக்கும் காயமில்லை. யாரோ அனுமதியில்லாமல் உள்ளே போய் பீடி பற்றவைத்திருக்கிறான் என்று பாதுகாப்புப் பிரிவு சொன்னது. சந்தேகம் முனிரத்தினத்தின் மேல். குழாய் வால்வுகளைத் திறந்து மூடும் ஆள், ஐம்பத்தைந்து வயது, இன்று வரை பீடியைக் கையால் தொட்டவர் இல்லை. அவருடைய மூக்குக்கரி ஜோடியை முத்திரை போட்டு அனுப்பியிருந்தார்கள். இடதைச் சோதித்துச் சொல்ல வேண்டும், வலது மறுசோதனைக்கு. நிரூபணமானால் வேலை போகும், குடியிருப்பு போகும், போலீஸும் வரும்.

இடதை சுகந்தி முந்தைய நாளே ஓட்டியிருந்தாள். இயந்திரம் சாம்பல்நிற முகத்தோடு 'பிசின் கொட்டகை ஆவி' என்று சொல்லிவிட்டது. கூடவே ஒன்றுக்கு நேராக 'பெயர் தெரியவில்லை' என்றும் போட்டது.

காலையில் பாதுகாப்புப் பிரிவின் துணை அதிகாரி தீனதயாளன் போன் செய்தான். பெயரை வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, பேச்சில் தயவு மருந்துக்கும் கிடையாது. இடதின் முடிவு மட்டும் தனக்குப் போதாது என்றான். தலைமையகத்தில் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம், நம் ஊர் வீடுகளின் வாசனையெல்லாம் அதற்கு அத்துப்படியாம். வலதைத் தானே மூன்று மணிக்கு வந்து எடுத்துப்போய் அதில் கொடுக்கப் போகிறானாம்.

"அதுக்குள்ள அந்த வலதுக்கு உங்க சைடு ஃபுல் கேரக்டரைசேஷனும் பண்ணி வச்சிடுங்க மேடம். ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

தீ வைத்த ஆளைக் கண்டுபிடிக்க வீட்டு வாசனை எதற்கு? எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது? சுகந்திக்குச் சுருக்கென்றது. இடதின் முடிவை மறுபடியும் எடுத்து வைத்துப் பார்த்தாள். பிசின் கொட்டகைக்குள் காலை வைத்தவன் மூக்கில் தின்னர் இல்லாமல் வெளியே வரமுடியாது. அங்கே சுவரே தின்னரில் ஊறிக் கிடக்கிறது. முனிரத்தினத்தின் கரியில் தின்னர் ஒரு துளிகூட இல்லை. பிசின் காய்ச்சும்போது போடுகிற ஓர் அமிலம் இருந்தது, வேறு இரண்டு இருந்தன, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு கொட்டகை என்று சொல்லியிருக்கிறது. அதற்கு வாசனைகளைக் கற்றுக்கொடுத்தவர்கள் கடல் கடந்து ஏதோ குளிர் தேசத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்துக்குள் காற்றைத் தனியாக வடிகட்டி விடுவதால் அங்கே வேலை செய்கிறவர்கள் மட்டும் மூக்குக்கரியைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். சுகந்தி இயந்திரம் பக்கத்தில் போய், இடது கரியில் ஒட்டியிருந்த கடைசி மிச்சத்தையும் சூடாக்கிக் கிளப்பி, குழாயின் வாயில் மூக்கை வைத்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சோதனை இது.

சாம்பிராணி.

சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. அதுவும் ஒரு பிசின்தானே, அந்த அமிலம் அதிலும் உண்டு. ஆனால் பூஜைக்குப் போடுவதோடு இன்னொன்றும் கலந்திருந்தது, கொஞ்சம் காரமாக, கொஞ்சம் மண்வாசனையாக. பெயர் நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. அவளுடைய தம்பிக்குப் பிள்ளை பிறந்திருந்தபோது அந்த வீட்டுக் கதவைத் திறந்தால் இதுதான் முதலில் வந்து வரவேற்கும். தலைக்கு ஊற்றி, துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, விளக்கில் சுட்டு இழைத்து நாக்கில் ஒரு துளி தடவுவார்களே, அது. வசம்பு. அன்றைக்கு அவள் வாய்விட்டு அந்தப் பெயரைச் சொன்னதற்குத் தம்பி மாமியார் தன் வாயில் அடித்துக்கொள்ளாத குறைதான். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூடாதாம். பேர் சொல்லாதது என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

சுகந்தி இயந்திரத்தின் முடிவைப் பார்த்தாள். பெயர் தெரியவில்லை என்றுதான் அதுவும் சொல்லியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முனிரத்தினத்தைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தவர் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. இரண்டு நாளாக வேலைக்கு விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள், முகம் காய்ந்து போயிருந்தது. கொட்டகைப் பக்கமே தான் போகவில்லை என்று எல்லாரிடமும் சொன்னதை இவளிடமும் சொன்னார். சுகந்தி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க போகலன்னு எனக்குத் தெரியும். வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

முனிரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார். வேலை போகும் என்று சொன்னபோது அசையாத மனுஷன்.

"யாரு மேடம் சொன்னது?"

"உங்க மூக்குக்கரி."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கீது மேடம். எம் பொண்ணு கௌசல்யாவோட கொழந்த. பொறந்து ரெண்டு மாசம் கூட ஆவல."

மீதியைத் துண்டுதுண்டாகச் சொன்னார். கட்டிக் கொடுத்த இடம் சரியில்லை. புருஷன் கையை முறுக்கி எலும்பை உடைத்த அன்றைக்கு ஏழு மாச வயிற்றோடு கௌசல்யா கிளம்பி அரக்கோணத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஒருமுறை ஆளோடு வந்து முனிரத்தினத்தின் குடியிருப்பைக் குடைந்து பார்த்தான். காணோம். அதற்கப்புறம் குழந்தை பிறந்தது, அரக்கோணத்தையும் அவன் மோப்பம் பிடித்துவிட்டான் என்று தெரிந்ததும், ஏற்கெனவே தேடிவிட்ட இடத்தில் மறுபடி தேடமாட்டான் என்று இவர்தான் அவளைக் கூட்டி வந்து பின்னறையில் வைத்திருந்தார். கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார்கள். உத்தரவு வருகிற வரை பிள்ளை அவன் கண்ணில் படக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இவள் தானாகப் பின்னால் வருவாள் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறானாம்.

"போலீஸ்ல சொல்லலாமே" என்றாள் சுகந்தி.

"அவனே பாதி போலீசு மேடம்" என்றார் முனிரத்தினம். "இந்த செக்யூரிட்டில கீறானே தீனதயாளன், அவன்தான் எம் மாப்ள."

சுகந்திக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. தீக்காகவும் இல்லை, பீடிக்காகவும் இல்லை. மாமனாரின் மூக்கை வைத்து அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறான். காலையில் வந்த மாமியார் கைக்குட்டையில் கட்டி வந்தாள், இவன் முத்திரை போட்டு அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். இவர் மூக்கில் கரியைப் போட்டுக்கொண்டே பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துப் புகை காட்டியிருக்கிறார். ஒரு மாதப் புகையையும் அது சேர்த்து வைத்திருக்கிறது.

கொட்டகைக்குப் போகவில்லை என்பதற்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் விட்டாள். சொன்னால் வேலை தங்கும், பிள்ளை போகும். அந்த மனுஷன் வேலையைக் கொடுத்துவிடத் தீர்மானித்துத்தான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எங்க எல்லாருக்கும் மூக்குக்கரி கீது" என்றார் முனிரத்தினம், கதவருகே போய் நின்று. "அத்துக்கு மட்டும் சைசு இல்லியே மேடம். துணியப் போட்டு மூடி வச்சிக்கினு கீறோம்."

குழந்தை மூக்குக்கு அளவு போட வேண்டும் என்று சுகந்திக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஊழியர்கள் பட்டியலில் குழந்தைகள் இல்லை. அவர் போன பிறகு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் கோபமாக மாறக் கொஞ்ச நேரம்கூடப் பிடிக்கவில்லை.

வலது மூக்குக்கரி முத்திரையோடு மேஜைமேல் இருந்தது. இடதின் முடிவை எழுதுவதில் சிக்கல் ஒன்றுமில்லை. தின்னர் இல்லை, ஆகவே கொட்டகை இல்லை, இது சத்தியம். பெயர் தெரியாததை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் இந்த வலது தலைமையகத்துக்குப் போனால் அந்த இயந்திரத்துக்குப் பெயர் தெரியும். பால் புளித்த வாசனையிலிருந்து பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பது வரை சொல்லிவிடும். தொலைந்துபோய்விட்டது என்று சொன்னால் பழி முனிரத்தினத்தின் தலையில்தான் விழும்.

ஃபுல் கேரக்டரைசேஷன் பண்ணி வை என்றான் அல்லவா அவன்?

சுகந்தி முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தாள். அவனும் அந்த மாமியார் ரகம்தான். கேரக்டரைசேஷன் என்றால் உள்ளே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று துருவுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கரிக்காரர்களுக்கு அதன் அர்த்தமே வேறு. துளைகளை அளப்பது. துளைகளை அளக்க வேண்டுமானால் முதல் காரியம் டீகாஸ் பண்ணுவது. கரியைச் சூடாக்கி, நைட்ரஜனை ஓடவிட்டு, உள்ளே குடியிருக்கும் அத்தனையையும் கிளப்பி வெளியே அனுப்புவது. ஆள் குடியிருக்கிற வீட்டை அளக்க முடியாது, காலி வீட்டைத்தான் அளக்கலாம் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். விதிப் புத்தகத்தில் இருக்கிறது, துண்டுக் கரிக்கும் விலக்கு இல்லை.

வலதை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு உலையில் ஏற்றினாள்.

மேலாளர் தனிஸ்லாஸ் உள்ளே வந்தபோது உலை நன்றாகச் சூடேறியிருந்தது. தனிஸ்லாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரிடையராக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விதிப் புத்தகத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தவர் இல்லை. சுகந்தியின் அம்மா இறந்த அன்று அவள் போனில் அழுதுகொண்டே லீவு கேட்டதற்கு, "ரூல் என்ன சொல்லுதுன்னு பார்த்துச் சொல்றேம்மா" என்று போனைப் பிடித்தபடியே புத்தகத்தைப் புரட்டியவர். அன்றையிலிருந்து அவரைக் கண்டாலே அவளுக்கு ஒரு சலிப்பு.

அறையின் நடுவில் வந்து தனிஸ்லாஸ் நின்றுவிட்டார். விசிறி ஓடாததால் உலையிலிருந்து வந்ததெல்லாம் அங்கேயே நின்றது. முதலில் சாம்பிராணி. அப்புறம் காய்ச்சின தேங்காயெண்ணெய், பயத்தமாவு. அப்புறம் அந்தக் காரமும் மண்ணும் கலந்த வாசனை. எல்லாவற்றுக்கும் கடைசியில், மெலிதாக, கக்கிய பால். ஒரு மாத காலம் அடைந்து கிடந்த அத்தனையும் கண்ணீர் வருகிற மாதிரி அறை முழுக்கப் பரவியது. அந்தப் பேட்டையில் அப்படி ஒரு வாசனையை யாரும் முகர்ந்து வருடக்கணக்காகியிருக்கும்.

தனிஸ்லாஸ் மூக்கை உறிஞ்சினார். உலையைப் பார்த்தார். முத்திரை உடைந்த உறையைப் பார்த்தார். அதில் முனிரத்தினத்தின் பெயர் இருந்தது, அனுப்பியவர் என்று தீனதயாளனின் பெயர் இருந்தது. மாமனாரும் மருமகனும் என்பது அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அவரே போய் மொய் எழுதியிருக்கிறார்.

"டீகாஸா?" என்றார்.

"முழு கேரக்டரைசேஷன் கேட்டாங்க சார். ரூல்படி இதுதான் முதல் ஸ்டெப்."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல் இடதின் முடிவை எடுத்துப் படித்தார். பெயர் தெரியவில்லை என்ற இடத்தில் விரலை வைத்தார். இது என்ன என்று கேட்டார்.

சுகந்திக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது. இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னால் அதற்கும் ஒரு பிரிவு, ஒரு உட்பிரிவு கண்டுபிடித்து மேலே எழுதி அனுப்பிவிடுவாரே.

"பேர் சொல்லாதது சார்" என்றாள்.

தனிஸ்லாஸ் தாளைக் கீழே வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கதவு திறந்தது.

தீனதயாளன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடை, இரண்டு நாசியிலும் புதிய மூக்குக்கரி. வந்தவன் நேராக உலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஆய்வுக்கூடத்தில் எல்லாமே ஆமை வேகம் என்று ஆரம்பித்தான். சுகந்தி இடதின் அறிக்கையை நீட்டினாள். தின்னர் இல்லை, முனிரத்தினம் கொட்டகைக்குள் போகவில்லை என்று வாயாலும் சொன்னாள். அவன் அதைப் படிக்கக்கூட இல்லை. அது கிடக்கட்டும், வலது எங்கே என்றான்.

இடுக்கியால் கண்ணாடிக் குழாயை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "சூடா இருக்கு, பாத்து. காலி பண்ணியாச்சு. பரப்பளவு மட்டும் அளந்து இன்னிக்கே அனுப்பிடுவேன்."

"காலின்னா?"

"உள்ள ஒண்ணும் இல்ல."

அவன் முகம் சிவந்தது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று பாய்ந்தான். சாட்சியத்தை அழித்துவிட்டாய், உன்னை உட்கார வைத்து விசாரிக்கிறேன் பார் என்றான். கத்தக் கத்த மூச்சு வாங்கியது. கழிமுகத்து வெயிலும் உலைச் சூடும் சேர்ந்து அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவரை ஒருமுறைகூடக் கையில் தூக்காத தன் பிள்ளையின் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளை எங்கே என்று தெரிந்துகொள்ளக் கத்திக்கொண்டிருக்கிறான். சாம்பிராணி, எண்ணெய், பால், எல்லாம் அவன் முகத்துக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது. ஒரு நொடி அவளுக்கு அவன் மேல் பரிதாபம் வந்தது. முறுக்கி உடைத்த கை ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

"சே, என்ன எழவு புழுக்கம்" என்று தீனதயாளன் மூக்கைத் தேய்த்தான். "நீங்க மட்டும் எல்லாரும் கழட்டிட்டு ஜாலியா இருக்கீங்க." விரல் வலது நாசிக்குப் போய், கரியின் விளிம்பைப் பிடித்தது.

ஒரே ஒரு மூச்சு போதும். அவனுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள், அவனும் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் போயிருப்பான். தலைமையகத்து இயந்திரமெல்லாம் வேண்டாம், அவன் மூக்கே சொல்லிவிடும். ஏதாவது சொல்ல வேண்டும் என்று சுகந்தி வாயைத் திறந்தாள்.

"தம்பி, அதைக் கழட்டாதீங்க" என்றார் தனிஸ்லாஸ்.

தீனதயாளன் திரும்பிப் பார்த்தான்.

"வெளியாட்கள் பண்பறிதல் அறைக்குள்ள மூக்குக்கரியைக் கழட்டக் கூடாது. ரூல்." வழக்கமாகச் சொல்லும் அதே சலிப்பான குரல்தான். "டீகாஸும் ரூல்தான். நீங்க கேட்ட சோதனைக்கு அதைப் பண்ணாமத்தான் விட்டிருக்கக் கூடாது. எழுத்துல புகார் குடுங்க, எழுத்துல பதில் குடுக்கறேன்."

பேட்டையில் அந்த ஆளிடம் ரூலைப் பற்றி வாதாடி ஜெயித்தவன் கிடையாது, அது தீனதயாளனுக்கும் தெரியும். பிடித்த விளிம்பை அழுத்தி உள்ளே தள்ளினான். இதோடு விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். பூட்ஸ் சத்தம் படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, வாயிற்கதவு வரை கேட்டது.

சுகந்தி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். விதிப் புத்தகத்தை இத்தனை வருடமாக அவர் வாயால் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. பாகம், பிரிவு, உட்பிரிவு எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். தனிஸ்லாஸ் உலைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு ரூல் எங்க சார் இருக்கு?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இல்லம்மா" என்றார். "எழுதிச் சேத்துடு."